வாளும் மந்திரமும்

வாள் ஏந்திய கை மந்திரக் கோலையும் ஏந்தலாமா? ஏந்தலாம் என்றால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன? இவ்விரு வினாக்களையும் வைத்துக்கொண்டு கடந்த ஓராண்டாக எங்கள் விடுதியில் நடந்த வாதங்களை எல்லாம் எழுதப் புகுந்தால் இம்மலரின் பக்கங்கள் போதா. வாதத்தில் நானும் ஒரு கட்சி. என் கட்சியை மட்டும் இங்கே எடுத்து வைக்கிறேன். எதிர்க்கட்சியினர் அடுத்த ஆண்டு மலரில் எழுதிக்கொள்ளட்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம் தேவை. நான் பேசுவது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை ஆட்டத்தைப் பற்றி. இதில் கட்டம் போட்ட பலகை கட்டாயமில்லை, சீட்டுகள் இல்லை, இறுதியில் வென்றவர் இவர், தோற்றவர் இவர் என்று அறிவிப்பதும் இல்லை. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். அவர்களுள் ஒருவர் கதையை நடத்துவார். "பாழடைந்த கோட்டையின் வாயிலில் நிற்கிறீர்கள். உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் தாம்தாம் படைத்துக்கொண்ட கதைமாந்தராக இருந்து விடை சொல்வார்கள். சொன்ன செயல் பலிக்குமா, பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். கூத்தும் தாயமும் கலந்த ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே கதை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடும். மாந்தர்கள் அனுபவப் புள்ளிகள் சேர்த்து முதல் நிலை, இரண்டாம் நிலை என்று படிப்படியாக உயர்வார்கள்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து 1974-இல் இந்த ஆட்டம் வெளிவந்தது. ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர். ஒரு சிறு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள். முதல் அச்சில் 1000 படிகள். இன்று உலகெங்கும் ஆடப்படும் ஓர் ஆட்டத்திற்குத் தொடக்கம் அவ்வளவுதான்.

ஆட்டத்தில் ஒவ்வொரு மாந்தருக்கும் ஒரு 'கிளாஸ்' உண்டு. நம் கல்லூரியில் அச்சொல்லுக்கு வருகைப்பதிவேடு, மணியோசை முதலிய வேறு தொடர்புகள் இருப்பதால், குழப்பம் வேண்டா என்று 'தொழில்' என்றே எழுதுகிறேன். 1974 நூல்களில் இருந்த தொழில்கள் மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. திருடன் 1975-இல் வெளியான இணைப்பு நூலில்தான் வந்து சேர்ந்தான். (திருடன் எந்த ஊருக்கும் சற்றுப் பிந்தித்தானே வருவான்!)

இந்தத் தொழில்கள் எங்கிருந்து வந்தன? வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் இதைச் சற்றுக் கிளறிப் பார்த்தேன். இவ்வாட்டத்திற்குத் தாய், பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டு. கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் சேர்ந்து 1971-இல் 'செயின்மெயில்' என்னும் விதிநூலை வெளியிட்டனர். இடைக்கால ஐரோப்பியப் போர்களுக்காக எழுதப்பட்ட அந்நூலின் பிற்பகுதியில் கற்பனைப் படைகளுக்கும் இடம் தந்திருந்தார்கள். அங்கே மந்திரவாதி எறியும் நெருப்புக்கோளத்திற்குப் பெரிய கல்லெறி பொறியின் அளவு. அவன் ஏவும் மின்னலுக்குப் பீரங்கியின் அளவு. அதாவது, மந்திரவாதி பிறக்கும்போதே தாடி வைத்த பீரங்கியாகத்தான் பிறந்தான். வீரன் காலாட்படை. பீரங்கியைக் காலாள் காக்க வேண்டும்; காலாளுக்குப் பீரங்கி வழிதிறந்து கொடுக்க வேண்டும். ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் 1974 நூல்கள் தனி மனிதர்களுக்கு உரியதாக மாற்றின.

மந்திரவாதிக்கு அந்நூல்கள் விதித்த வறுமையைப் பாருங்கள். கவசம் கூடாது. ஆயுதம் என்றால் குத்துவாள் ஒன்றுதான். முதல் நிலையில் அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதையும் சொல்லி முடித்தவுடன் மறந்து போவான். மீண்டும் படித்து மனத்தில் ஏற்றினால்தான் உண்டு. இந்த மறதி ஜாக் வான்ஸ் என்னும் எழுத்தாளர் 1950-இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' என்னும் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தவுடன் படித்ததெல்லாம் மறக்கும் நமக்கு இது ஒன்றும் புதிதன்று. 1978-இல் வந்த விரிவான விதிநூலில் வீரன் தன் உயிர்ப்புள்ளிக்குப் பத்து முகப் பகடை உருட்டுவான். மந்திரவாதி நான்கு முகப் பகடை உருட்டுவான். ஒன்று விழுந்தால் பூனை கீறியே சாக வேண்டியவன்தான். ஆனால் அவன் தப்பிப் பிழைத்து 5-ஆம் நிலையை எட்டிவிட்டால் நெருப்புக்கோளம் அவன் கையில். அதுவரை அவனை முதுகுக்குப் பின்னால் வைத்துக் காத்தவன் வீரன். இதுதான் ஆட்டத்தின் உயிர்நிலை என்பேன். நால்வர் சேர்ந்து போவதற்குக் காரணம், நால்வரில் ஒருவராலும் தனியே போக முடியாது என்பதுதான்.

இப்படிப் பிரித்து வைத்தால் மனிதன் சும்மா இருப்பானா? இரண்டும் வேண்டும் என்பான். அந்த ஆசை இயல்பானது. அதை நான் இழிவாகப் பேசமாட்டேன். கைகாக்ஸ் தமக்கு ஊக்கம் தந்த எழுத்தாளர்களின் பட்டியலை 1979-இல் வெளியான நூலின் பிற்சேர்க்கையில் தந்திருக்கிறார். அதிலேயே வாளும் மந்திரமும் கலந்தவர்களைப் படைத்தோர் உண்டு. ஃபிரிட்ஸ் லைபர் படைத்த கிரே மௌசர், மந்திரவாதி ஒருவனிடம் சீடனாக இருந்துவிட்டு வாளெடுத்தவன். மைக்கேல் மூர்காக் 1961 முதல் எழுதிய எல்ரிக், பேரரசன், சூனியம் வல்லவன், வாள்வீரன். ஆனால் அவனுடைய விலையைக் கவனியுங்கள். நோயுற்ற உடல். அதற்கு வலிமை தருவது கையிலுள்ள கரிய வாள். அந்த வாளோ உயிர்களைக் குடித்துத்தான் வலிமை தரும். அவனுக்கு வேண்டியவர்களின் உயிரையும் விட்டுவைக்காது.

நம் காப்பியங்களில் வளர்ந்தவர்களுக்கும் இது தெரிந்த கணக்கே. இந்திரசித்தன் வில்லாளி, மாயமும் வல்லவன். ஆனால் நிகும்பலையில் வேள்வி முற்றுப்பெற வேண்டும். வீடணன் வழிகாட்ட இலக்குவன் போய் அதைக் குலைத்துவிடுகிறான். கர்ணன் கற்ற மந்திரமோ வேண்டிய வேளையில் மறந்து போகும் என்று பரசுராமர் சாபமிட்டார். வான்ஸின் மந்திரவாதிக்கு மறதி அன்றாடத் தொழில்நெறி. கர்ணனுக்கு அதுவே முடிவு. இரண்டையும் பெற்றவன் கதையில் வரலாம், வர வேண்டும். விலை கொடுக்காமல் வந்தவன் எந்தக் கதையிலும் நெஞ்சில் நிற்பதில்லை.

ஆகவே வினா, கலக்கலாமா என்பதன்று. விலையை எப்படி வாங்குவது என்பதுதான். இந்த ஐம்பது ஆண்டுகளில் விதிநூல்கள் அந்த விலையைப் பல விதமாக வாங்கிப் பார்த்திருக்கின்றன. சில நியாயமாக வாங்கின. சில ஏமாற்றி வாங்கின. சில இனாமாகவே கொடுத்துவிட்டன.

1974-இல் கலக்கும் உரிமை எல்ஃப் என்னும் இனத்துக்கு மட்டும் இருந்தது. எல்ஃப் என்றால் காட்டில் வாழும், நீண்ட ஆயுள் கொண்ட ஐரோப்பியக் கதைகளின் மக்கள். எல்ஃப் ஒரு பயணத்தில் வீரனாகப் போகலாம், அடுத்த பயணத்தில் மந்திரவாதியாகப் போகலாம், நடுவழியில் மாறக்கூடாது. வீரனாக 4-ஆம் நிலைக்கு மேலும், மந்திரவாதியாக 8-ஆம் நிலைக்கு மேலும் ஏற முடியாது. காலையில் அலுவலகம், மாலையில் கல்லூரி என்று படிப்பவரைப் போன்ற ஏற்பாடு. முரடானதுதான், ஆனால் நேர்மையானது.

1978-ஆம் ஆண்டு விதிகளில்தான் கணக்கு அழகாக அமைந்தது. எல்ஃப் முதலிய இனத்தார் இரண்டு தொழில்களையும் ஒரே சமயத்தில் நடத்தலாம். கிடைக்கும் அனுபவப் புள்ளியைச் சரிபாதியாகப் பங்கிட வேண்டும். உயிர்ப்புள்ளிக்கு இரண்டு பகடைகளையும் உருட்டிப் பாதியாக்க வேண்டும். சரிபாதி என்றவுடன் பலர், 'அப்படியானால் பாதி வீரன், பாதி மந்திரவாதி. எதற்கும் உதவான்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அட்டவணையைத் திறந்து பார்த்தால் அப்படி இல்லை. வீரன் 7-ஆம் நிலையை அடைய 70,001 புள்ளி வேண்டும். அதே அளவு புள்ளி ஈட்டிய கலப்பு மாந்தருக்குப் பங்கு ஏறத்தாழ 35,000. அந்தப் பங்குக்கு வீரனாக 6-ஆம் நிலை எட்டிவிடும் (அதற்கு வேண்டியது 35,001). மந்திரவாதியாக 5-ஆம் நிலை எட்டிவிடும் (22,501). எனவே தனி வீரனைவிட ஒரு நிலையும், தனி மந்திரவாதியைவிட இரண்டு நிலைகளும்தான் பின்தங்குகிறார். காரணம் எளிது. அந்த அட்டவணையில் ஒவ்வொரு நிலைக்கும் தேவையான புள்ளி ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டே போகும். இரட்டிக்கும் அட்டவணையில் பாதி என்றால் ஒரு படிதான் கீழே.

இது இலவசமும் அன்று. எல்ஃப் வீரனாக 7-க்கு மேலும், மந்திரவாதியாக 11-க்கு மேலும் போக முடியாது. ஒரு தொழிலில் உச்சத்தைத் தொட்ட பிறகும் அதன் பங்குப் புள்ளி வீணாகக் கழிந்துகொண்டே இருக்கும். இளமையில் வளமும் முதுமையில் வரம்பும் என்னும் விலை அது. வாங்கும் முன்பே எழுதி ஒட்டப்பட்ட விலை.

மனிதருக்கு அந்நூல் வேறு வழி வைத்தது. மனிதன் இரண்டையும் ஒருங்கே நடத்த முடியாது. முதலில் ஒன்றில் நின்று, பின்னர் அதை விட்டுவிட்டு மற்றொன்றுக்குப் போகலாம். முதல் தொழிலுக்குரிய பண்பெண் 15-ஆவது இருக்க வேண்டும். இரண்டாவதற்கு 17 வேண்டும். மூன்று பகடை உருட்டினால் நிகழக்கூடிய 216 வழிகளில் 17-உம் அதற்கு மேலும் விழுவது 4 வழிகளில் மட்டுமே. அதையும் தாண்டி வந்தவன் புதிய தொழிலில் முதல் நிலையிலிருந்து தொடங்க வேண்டும். புதியதில் பழையதைவிட உயரும் வரை, பழைய வாளைத் தொட்டால் அந்த அனுபவப் புள்ளி கிடையாது! வாள்வித்தை அறிந்த ஒருவன், கையில் குத்துவாளோடு, எலிக்கு அஞ்சி ஒளிந்துகொண்டு, மந்திரம் படித்துக்கொண்டிருக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். நண்பர்கள் பலர் இதைக் கொடுமை என்கிறார்கள். எனக்கு இது கதையாகத் தெரிகிறது. ஐம்பது வயதில் மாணவர்களோடு அமர்ந்து முதல் எழுத்திலிருந்து புதிய மொழி கற்பவரை நாம் கண்டிருக்கிறோம். அவர் முகத்தில் தெரிவதும் இதுவே.

எல்லாவற்றிலும் என் உள்ளம் கவர்ந்தது 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த எளிய பதிப்பு. அதில் எல்ஃப் என்பதே ஒரு தொழில். வாளும் உண்டு, மந்திரமும் உண்டு, கவசமும் உண்டு. பங்கீடு இல்லை, குறுக்கு வழி இல்லை. விலை ஒரே வரியில்: இரண்டாம் நிலைக்கு வீரனுக்கு 2000 புள்ளி, மந்திரவாதிக்கு 2500, எல்ஃபுக்கு 4000. கூட்டிப் பார்த்தால் 4500 வர வேண்டும். 500 தள்ளுபடி செய்திருக்கிறார்கள். உயிர்ப்புள்ளிக்கு வீரனின் எட்டு முகத்திற்கும் மந்திரவாதியின் நான்கு முகத்திற்கும் நடுவே ஆறு முகப் பகடை. மனிதர் 14-ஆம் நிலை வரை போகும் அப்பதிப்பில் எல்ஃப் 10-இல் நின்றுவிடும். பத்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும் விதி. தோழர்கள் இரண்டாம் நிலை ஏறும்போது காத்திருக்க வேண்டும். காத்திருக்கத் தெரிந்தவனுக்கு இரண்டும் கிடைக்கும்.

2000-ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்புதான் என் வழக்கில் முதல் எதிரி. அதன் நோக்கம் உயர்ந்தது. இனத்தடை போயிற்று, நிலைவரம்பு போயிற்று. யாரும் எந்த நிலையிலும் எந்தத் தொழிலையும் ஏற்கலாம். கேட்பதற்குச் சமத்துவப் பறை முழங்குவது போல இருக்கிறது. ஆனால் அங்கே கூட்டப்படுவது புள்ளி அன்று, நிலை. பத்தாம் நிலை மாந்தர் ஒருவர் 5 நிலை வீரனும் 5 நிலை மந்திரவாதியும் ஆவார். தனி வீரனுக்குத் தாக்குதல் கூட்டெண் 10; இவருக்கு 7. தனி மந்திரவாதியின் நெருப்புக்கோளம் பத்துப் பகடை, சராசரி 35. இவருடையது ஐந்து பகடை, சராசரி 17.5. தனி மந்திரவாதி கணத்தில் ஊர்விட்டு ஊர் செல்லும் ஐந்தாம் படி மந்திரங்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். இவர் மூன்றாம் படியிலேயே நிற்பார். எதிரே வரும் பூதமோ பத்தாம் நிலைக்குரிய பூதம். அது இவருக்காகப் பாதியாகி வராது. கவசம் அணிந்தாலோ மந்திரம் பொய்க்கும் வாய்ப்பு வேறு. முழுத் தகட்டுக் கவசத்திற்கு நூற்றுக்கு 35.

பழைய முறையில் இரண்டு நிலை பின்தங்கியவர் இங்கே ஐந்து நிலை பின்தங்குவது ஏன்? அந்த அட்டவணையில் புள்ளிகள் இரட்டிப்பதில்லை. ஆயிரம் ஆயிரமாக மெல்ல ஏறுகின்றன. பத்தாம் நிலைக்கு 45,000 புள்ளி. அதையே பழையபடி இரண்டாகப் பங்கிட்டிருந்தால் ஆளுக்கு 22,500. அது 7-ஆம் நிலைக்குப் போதும். ஏழும் ஏழும் ஆகியிருக்க வேண்டியவரை ஐந்தும் ஐந்தும் ஆக்கியது, பங்கிடுவதை விட்டுவிட்டுக் கூட்டத் தொடங்கிய அந்த ஒரு மாற்றம்தான்.

நண்பர்களே, இது வெறும் எண் விளையாட்டன்று. எங்கள் கூட்டத்தில் ஒருவன் இந்த விதிகளின்படி இப்படி ஒரு மாந்தனைப் படைத்தான். எங்களுள் அவனைப்போல் கதை சொல்பவன் இல்லை. தந்தையின் வாளும் தாயின் ஏடும் பெற்ற ஒருவன் என்று அந்த மாந்தனுக்கு நான்கு பக்கம் வரலாறு எழுதி வந்தான். முதல் சில வாரங்கள் அவனே நாயகன். நிலைகள் ஏற ஏற, வாளெடுத்தால் வீரன் அவனைவிட நன்றாக வெட்டினான். மந்திரம் சொன்னால் மந்திரவாதி அவனைவிட நன்றாக எரித்தான். விதி நூலில் எங்கும் 'இவ்வழி போகாதே' என்று எழுதியிருக்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போனவனுக்குத்தான் படிக்கட்டு இல்லை என்பது தெரிந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினான். எங்கள் விடுதியில் அவ்வளவு வெளுப்பான சட்டை வேறு யாருக்கும் இல்லை. தொழில்களைக் கலப்பதைப் பற்றி நான் இவ்வளவு சூடாக வாதிடுவதற்கு அந்த வெறும் நாற்காலியும் ஒரு காரணம்.

விதி எழுதியவர்களும் இக்குறையைக் கண்டுகொண்டார்கள். 2003-இல் திருத்திய பதிப்பில் 'எல்ட்ரிச் நைட்' என்னும் சிறப்புத் தொழிலைச் சேர்த்தார்கள். மூன்றாம் படி மந்திரம் சொல்லும் திறமும் எல்லாப் போர்க்கருவிகளிலும் பயிற்சியும் உடையவர் அதில் நுழையலாம். அதன் பத்து நிலைகளில் வாளும் முழுமையாக வளரும், முதல் நிலை நீங்கலாக மந்திரமும் வளரும். நல்லதுதான். ஆனால் அதுவரை கிடக்கும் பாலைவனத்தை எல்லாரும் கடந்தாக வேண்டும். ஓட்டைக் கூரைக்குத் தார்ப்பாய் போட்டது போல.

இனி இரண்டாம் எதிரி. 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு, விலையை ஏமாற்றி வாங்கவில்லை, வாங்கவே மறந்துவிட்டது. அங்கே கவசப் பயிற்சி இருந்தால் போதும், கவசத்தோடு மந்திரம் சொல்லலாம். ஆகவே கெட்டிக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். முதல் நிலை மட்டும் வீரன்; மீதி எல்லாம் மந்திரவாதி. சாதாரண மந்திரவாதியின் தற்காப்பு எண் 12 என்று வைத்துக்கொள்வோம். இவர் சங்கிலிக் கவசம் 16, கேடயம் 2, ஆக 18. அடிபட்டாலும் மந்திரம் கலையாமல் காக்கும் உடலுறுதியும் கூடவே வருகிறது. கொடுக்கும் விலை, நெருப்புக்கோளம் 5-ஆம் நிலைக்குப் பதிலாக 6-ஆம் நிலையில் கிடைப்பது. இன்னும் ஒரு நிலை வீரனாக இருந்தால், ஓய்வுக்கு ஒருமுறை ஒரே கணத்தில் இரட்டைச் செயல். அதாவது இரண்டு நெருப்புக்கோளம்!

இதை நான் கலப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த மாந்தன் வீரன் அல்லன். வாளை உறையிலிருந்து எடுத்ததே இல்லை. ஒரு வாரம் தேசிய மாணவர் படையில் இருந்துவிட்டுச் சீருடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனவன். அவன் முன்வரிசையில் நிற்கும்போது உண்மையான வீரன் என்ன செய்வான்? யாரைக் காப்பான்? பீரங்கிக்கே கவசம் பூட்டிவிட்டால் காலாளுக்கு வேலை ஏது? மூன்றாம் பதிப்பில் கலந்தவன் வெளியேறினான். ஐந்தாம் பதிப்பில் கலக்காதவன் வெளியேற வேண்டியிருக்கிறது.

என் எதிர்க்கட்சியார் கேட்பது இது: கற்பனை உலகில் கஞ்சத்தனம் எதற்கு? பறக்கும் பாம்பையும் பேசும் மரத்தையும் நம்புகிறவர்கள், கவசம் போட்ட மந்திரவாதியைக் கண்டால் மட்டும் கணக்குப் புத்தகத்தைத் திறப்பது ஏன்? நல்ல கேள்வி. தனியே நாவல் எழுதுபவரிடம் நான் கணக்குக் கேட்கமாட்டேன். அவர் நாயகன் எல்லாம் வல்லவனாகவே இருக்கட்டும். ஆனால் இந்த மேசையில் ஐந்து பேர் அமர்ந்திருக்கிறோம். ஒவ்வொருவரும் ஞாயிறு மாலையை முழுதாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். மூன்று மணி நேரத்தில் ஒருமுறையேனும் 'இதற்கு நீதான் வேண்டும்' என்று மற்ற நால்வரும் ஒருவனைப் பார்க்க வேண்டும். அந்தப் பார்வையைப் பங்கிட்டுக் கொடுக்கத்தான் விதிகள்.

மற்றொரு வழியும் உண்டு. அதற்கும் நான் கைதட்டுகிறேன். 'பாத்ஃபைண்டர்' என்னும் உடன்பிறப்பு ஆட்டத்தில் 2011-இல் 'மேகஸ்' என்ற தொழில் வந்தது. மேகஸ் வீரனும் மந்திரவாதியும் கூடிய தொகை அன்று. ஒரு கையில் வாள். மறு கை வெறுமையாக இருக்க வேண்டும், மந்திர முத்திரைக்காக. தொட்டால் தாக்கும் மந்திரத்தை வாளின் முனை வழியே செலுத்துவான். இது வீரனுக்கும் தெரியாது, மந்திரவாதிக்கும் தெரியாது. அதே சமயம் மந்திரவாதி ஒன்பதாம் படி வரை ஏறும்போது மேகஸ் ஆறாம் படியில் நின்றுவிடுவான். தொடக்கத்தில் மெல்லிய கவசம் மட்டுமே. கேடயம் பிடிக்கக் கையில்லை! அந்த வெறுங்கைதான் விலை. பார்த்த கண்ணுக்கே தெரியும் விலை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் மஞ்சளும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, சிவப்பு பிறக்கிறது. அதுபோன்ற கலப்பு.

ஆகவே நான் நடத்தும் ஆட்டத்தில், பதிப்பு எதுவானாலும், இரண்டு தொழில் கேட்பவருக்குப் புள்ளியைப் பங்கிட்டே கொடுக்கிறேன். நிலையைக் கூட்டுவதில்லை. ஒன்றைத் தொட்டுவிட்டு ஓடுவதற்கும் இடமில்லை. இரண்டையும் இறுதி வரை சுமக்க வேண்டும். ஐந்தாம் பதிப்பின் அட்டவணையில் இந்தப் பங்கீட்டைப் பொருத்துவது சற்றுச் சிரமம். அந்த அட்டவணையில் சில படிகள் குட்டையாகவும் சில படிகள் நெட்டையாகவும் இருக்கின்றன. கணிதத்துறை நண்பர் ஒருவர் தாளும் பென்சிலுமாக உதவிக்கொண்டிருக்கிறார்.

2024-இல் அவ்விதிகளைத் திருத்தி வெளியிட்டபோது, வீரனின் இரட்டைச் செயலைக் கொண்டு மந்திரம் சொல்லக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். அந்த வரியைப் படித்தபோது வழக்கில் பாதி வென்றதாகவே மகிழ்ந்தேன். கவசக் கதவை மட்டும் ஏனோ இன்னும் திறந்தே வைத்திருக்கிறார்கள். எங்கள் மேசையில் அதற்கு மூன்றாம் பதிப்பின் பழைய எண்களையே எடுத்து மாட்டியிருக்கிறோம். அந்தப் பதிப்பில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். தோல் கவசத்திற்கு 10, சங்கிலிச் சட்டைக்கு 20, முழுத் தகட்டுக் கவசத்திற்கு 35. மந்திரம் சொல்லுமுன் நூற்றுப் பகடையை உருட்ட வேண்டும். அந்த எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் அன்றைய மந்திரம் காற்றோடு போயிற்று. வாளை உருவிக்கொண்டு வீரனுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.